செம்மஞ்சள் சட்டையில் எத்தனை தமிழர்? டிக்கோயா லயத்தில் ஒரு துணுக்குப் போட்டி

மே 26ஆம் திகதி இரவு டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயக் காம்பராவில் இருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்குள் பதினைந்து பேர். சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் சென்னை சேப்பாக்கம் மைதானம். ஐபிஎல் இறுதிப் போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தும் கொல்கத்தா நைட் ரைடர்ஸும் மோதிக்கொண்டிருந்தன.

நான் அங்கு போனது கிரிக்கெட் பார்க்க அல்ல. மே தினத்தன்று கொட்டகலையில் வைத்து ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா ஆகும் என்று அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பு லயத்துக்குள் எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுதத்தான் போனேன். கூடப் படித்த தோழியின் வீட்டில் தங்கினேன். மாலையில் பேட்டிக்கு உட்கார்ந்தால் ஒருவரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதாக இல்லை. "வரட்டும், வந்தப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பையன்களில் பெரும்பாலானோர் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆதரவாளர்கள். இந்த முறை சென்னை முதல் நான்குக்குள் வரவில்லை. அதனால் ஒட்டுமொத்தமாக ஹைதராபாத்துக்குக் கட்சி மாறியிருந்தார்கள். ஏன் ஹைதராபாத் என்று கேட்டேன். க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கா, பேருதான் ஹைதராபாத். உள்ளுக்குள்ள எல்லாம் நம்ம ஆளுங்க. எண்ணிப் பாப்பமா?"

அப்படித்தான் துணுக்குப் போட்டி தொடங்கியது. ஹைதராபாத் 113 ஓட்டங்களுக்குச் சுருண்டு, கொல்கத்தா 10.3 ஓவர்களில் எட்டு விக்கெட்டுகளால் வென்று முடித்ததைக் கடைசியில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கேள்வியும் பதிலுமாகவே இரவு போனது. சிரித்துச் சிரித்துக் கேட்ட அந்தக் கேள்விகளை இங்கே தருகிறேன். அவற்றில் பலவற்றுக்குப் பின்னால், சிரிப்போடு முடியாத கதைகளும் இருக்கின்றன.

முதலாளி முதல் பயிற்றுநர் வரை

முதல் கேள்வி: சன்ரைசர்ஸ் என்ற பெயரில் 'சன்' எங்கிருந்து வந்தது?

பதில் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறரைக்கு மேல் எந்த வீட்டில் கேட்டாலும் அதே அலைவரிசைதான். டெக்கான் சார்ஜர்ஸ் அணி கலைக்கப்பட்ட பிறகு, 2012 ஒக்டோபரில் ஹைதராபாத் உரிமையைச் சன் டிவி குழுமம் வாங்கியது. ஆண்டுக்கு 85.05 கோடி இந்திய ரூபா விலை. உரிமையாளர் கலாநிதி மாறன், முரசொலி மாறனின் மகன். முரசொலி மாறன் கலைஞர் கருணாநிதியின் மருமகன் முறை. ஆட்டத்தின்போது கமரா அடிக்கடி தேடிப் போகும் காவ்யா மாறன், கலாநிதியின் மகள்.

பையன்களுக்கு இது வெறும் துணுக்கு. வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தக் குடும்பப் பெயரோடு இன்னொரு காட்சியும் வந்துவிடுகிறது: 2009 ஏப்ரல் 27, மெரினாவில் சில மணிநேரம் நீடித்த உண்ணாவிரதம். அந்த நேரத்தில் பதுங்கு குழியில் இருந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பதினாறு வயதுப் பையனிடம் அதைச் சொல்லி ஆட்டத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது கேள்வி: ஹைதராபாத்தின் பயிற்றுநர் குழுவில் தமிழ் பேசுகிறவர் எத்தனை பேர்?

தலைமைப் பயிற்றுநர் நியூசிலாந்தின் டேனியல் வெட்டோரி. சுழற்பந்துக்குப் பொறுப்பு முத்தையா முரளிதரன். 2015 முதல் இந்த அணியோடு இருக்கிறார். 2016இல் ஹைதராபாத் கிண்ணம் வென்றபோதும் அவர்தான் பந்துவீச்சுப் பயிற்றுநர். அப்போது துடுப்பாட்டத்துக்கு ஹேமங் பதானி. குஜராத்திப் பெயராக இருந்தாலும் சென்னையில் வளர்ந்து, தமிழ்நாட்டுக்கு ஆடி, சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியைப் பயிற்றுவித்தவர். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணியின் துடுப்பாட்டப் பயிற்றுநராகவும் இருந்தவர்.

"அப்போ ரெண்டு" என்றான் பையன். வெட்டோரிக்கும் இந்நேரம் கொஞ்சம் தமிழ் வந்திருக்கும் என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு.

மூன்று பந்துவீச்சாளர்கள், மூன்று வழிகள்

மூன்றாவது கேள்வி: வாஷிங்டன் சுந்தருக்கு அமெரிக்காவில் உறவுக்காரர் யார்?

யாருமில்லை. திருவல்லிக்கேணியில் அவருடைய தந்தைக்குப் பக்கத்துத் தெருவில் பி. டி. வாஷிங்டன் என்ற முன்னாள் இராணுவத்தவர் இருந்தார். வசதி இல்லாத அந்தப் பையனுக்குச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்து, மைதானத்துக்குச் சைக்கிளில் கூட்டிப் போனவர். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு அவர் பெயரை வைத்தார் தந்தை. வாஷிங்டன் சுந்தருக்கு ஒரு காது கேட்காது என்பது அடுத்த துணுக்கு. இது தெரிந்ததும் அறையில் கொஞ்சம் அமைதி.

நான்காவது: இருபது வயது வரை டெனிஸ் பந்தில் மட்டும் ஆடிய ஹைதராபாத் வீரர் யார்?

ரி. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தந்தை தறித் தொழிலாளி, தாய் தெருவோரத்தில் கடை போட்டவர். 2020இல் அவுஸ்திரேலியாவுக்குப் போன இந்திய அணியோடு வலைப் பயிற்சிக்குப் பந்து போடப் போனார். திரும்பி வரும்போது ஒருநாள், இருபதுக்கு20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகியிருந்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட். அவருடைய சட்டையில் பல காலம் இருந்த 'ஜேபி நட்டு' என்ற எழுத்தில் ஜேபி என்பது ஊரில் அவரைத் தூக்கிவிட்ட அண்ணன் ஜெயப்பிரகாஷ்.

நடராஜனின் கதை இந்த லயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். காரணம் எளிது. இங்கும் எல்லோரும் டெனிஸ் பந்துதான் ஆடுகிறார்கள்.

ஐந்தாவது கேள்வியை என்னைப் பார்த்தே கேட்டார்கள். நான் வடக்கு என்பது அவர்களுக்குத் தெரியும்: ஐபிஎல்லில் ஆடிய முதல் யாழ்ப்பாணத்துப் பையன் யார், எந்தத் திகதி?

விஜயகாந்த் வியாஸ்காந்த். 2024 மே 8, லக்னோவுக்கு எதிராக. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர், 2001இல் பிறந்த லெக் ஸ்பின்னர். காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்டவர். அன்று நான்கு ஓவரில் 27 ஓட்டம் மட்டும் கொடுத்தார். விக்கெட் இல்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தை யாரும் பந்துவீச்சுக்காக நினைவு வைத்திருக்கவில்லை. 166 என்ற இலக்கை ஹைதராபாத் ஒரு விக்கெட்டும் இழக்காமல் 9.4 ஓவரில் எட்டியது. ட்ராவிஸ் ஹெட் 30 பந்தில் 89, அபிஷேக் சர்மா 28 பந்தில் 75.

கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக்கில் அறிமுகமானது 2020 டிசம்பர் 4, அவருடைய 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள். எடுத்த முதல் விக்கெட் யாருடையது? ஏஞ்சலோ மத்தியூஸ். இதற்கு நான் பதில் சொன்னதும் கைதட்டினார்கள். வடக்கின் மானம் காப்பாற்றப்பட்டது.

ஒரு மாதத்துக்குள் இருந்த நான்கு நாட்கள்

அந்த இரவு நான் நாட்காட்டியைப் பார்த்தேன். மே 1 சம்பள அறிவிப்பு. மே 8 வியாஸ்காந்தின் அறிமுகம். மே 18 முள்ளிவாய்க்காலின் பதினைந்தாவது ஆண்டு. மே 26 சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. இந்த நான்கையும் சேர்த்து நினைக்கிறவர்கள் வடக்கிலும் அதிகம் இல்லை, மலையகத்திலும் அதிகம் இல்லை. மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள்தான் நினைப்பார்கள்.

என் அம்மாவின் குடும்பம் அப்படிப்பட்டது. 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வடக்கே போனவர்கள். அவர்களைப் போல ஆயிரக்கணக்கானோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்த வரிசையில் அவர்களும் இருந்தார்கள். யுத்தம் பற்றிய நம் எழுத்தில் அவர்கள் 'வன்னி மக்கள்' என்ற சொல்லுக்குள் கரைந்துபோனார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஹைதராபாத் அணியின் இருக்கையில் அருகருகே உட்கார்ந்திருந்த இருவர் ஒரு படம்தான். ஒருவர், 1920இல் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த பெரியசாமி சின்னசாமியின் பேரன். மற்றவர், யுத்தம் முடிந்தபோது ஏழு வயதாக இருந்த யாழ்ப்பாணத்துப் பையன். மலையகத்தவர் கற்றுக்கொடுக்க, யாழ்ப்பாணத்தவர் கற்றுக்கொள்கிறார். நம் சமூகத்தில் எத்தனை வகுப்பறைகளில், எத்தனை அலுவலகங்களில் இப்படி ஒரு காட்சி இருக்கிறது? மலையகத்தாரை ஒரு படி கீழே வைத்துப் பார்த்த வடக்கின் வரலாறு நமக்குத் தெரியாததல்ல.

சேப்பாக்கத்துக்குள் நுழைய முடியாத தமிழர்

ஆறாவது கேள்வி நான் கேட்டது. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை: சன்ரைசர்ஸின் முதல் தலைவர் சென்னையில் மட்டும் ஏன் ஆடவில்லை?

2013இல் ஹைதராபாத்தின் தலைவர் குமார் சங்கக்கார. அந்த மார்ச்சில், இலங்கை வீரர்கள் ஆடினால் சென்னையில் போட்டி நடத்த முடியாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். யுத்தக் குற்றங்களுக்கு நீதி கேட்டுத் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் நின்ற காலம் அது. ஐபிஎல் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. சங்கக்கார சென்னை ஆட்டத்தில் இல்லை. சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் ஆடவில்லை.

அதே தடை ஒரு தமிழருக்கும் பொருந்தியது. முரளிதரன் அப்போது பெங்களூர் அணியில். 2008 முதல் 2010 வரை சென்னைக்கே ஆடி, 2010இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். 2005இல் சென்னைப் பெண்ணைத் திருமணம் செய்தவர். ஈழத்தமிழருக்காகப் போடப்பட்ட தடை, தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் பேரனை வாசலில் நிறுத்தியது. அந்த மாணவர் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. முகாம்களில் இருந்து அதைக் கேட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்து ஆளை முடிவு செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

பதினொரு ஆண்டுகளில் காலம் மாறியது. 2024இல் சேப்பாக்கத்தில் மதீஷ பத்திரனவுக்கு விழுந்த கைதட்டல் எல்லோருக்கும் தெரியும். முரளி பயிற்றுநராக அங்கே உட்கார்ந்திருந்தார். வியாஸ்காந்த் அணியோடு சென்னைக்கு வந்தார், பதினொருவரில் இடம் கிடைக்கவில்லை.

முரளி: பெருமையும் முள்ளும்

ஏழாவது கேள்வி: பிரதமர் மோடி டிக்கோயாவுக்கு வந்தபோது எந்தக் கிரிக்கெட் வீரரின் பெயரைச் சொன்னார்?

2017 மே 12. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை அவர் திறந்துவைத்தார். இந்திய உதவியில் கட்டப்பட்டது. பிறகு நோர்வூட் மைதானத்தில் பேசினார். மலையகம் உலகுக்குத் தந்தவர்களில் எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் சொன்னார். இந்தப் பையன்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். கூட்டத்துக்கு அப்பாவின் தோளில் ஏறிப் போனது நினைவிருக்கிறது என்றான் ஒருவன்.

முரளியின் எண்கள் அவர்களுக்கு வாய்ப்பாடு: டெஸ்டில் 800, ஒருநாளில் 534. 800ஆவது விக்கெட், 2010 ஜூலையில் காலியில், கடைசி டெஸ்டில், பிரக்யான் ஓஜா. 1995 மெல்பேர்னில் டெரல் ஹெயார் ஏழு முறை 'நோபோல்' சொன்னதும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு முந்திய அவமானம். இன்னும் கோபப்படுகிறார்கள்.

ஆனால் இந்தப் பத்தியை வாசிக்கும் பலருக்கு முரளி என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். 2009 தன் வாழ்வின் மகிழ்ச்சியான ஆண்டு என்ற பொருளில் 2019இல் அவர் பேசியதாக வந்த செய்தி. ராஜபக்ஷ தரப்புக்கு அவர் கொடுத்த ஆதரவு. 2020இல் அவருடைய வாழ்க்கைப் படமான '800'இல் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி எதிர்ப்பால் விலகினார். அப்போது முரளி ஓர் அறிக்கை விட்டார். யுத்தம் முடிந்து இரு பக்கமும் சாவு நின்றதைத்தான் சொன்னேன், அப்பாவி மக்கள் கொல்லப்பட்டதை ஒருபோதும் ஆதரிக்கவில்லை என்பது அதன் சாரம். படம் வேறு நடிகரோடு 2023இல் வந்தது.

அந்த விளக்கம் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்குப் போதாது. எனக்கும் போதவில்லை. யாருடைய மகிழ்ச்சி எந்தத் திகதியில் தொடங்கியது என்பது நம்மிடையே தீராத வழக்கு. அதே நேரம், 1977இல் கண்டிக்கு அருகே அவருடைய குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டதும் வரலாறுதான். சிங்கள ஊர்களின் நடுவே, பாதுகாக்க யாரும் இல்லாமல் வாழ்ந்த ஒரு சமூகம் பயத்தோடு எப்படிக் கணக்குப் பார்க்கப் பழகியது என்பதை நாம் கேட்டதே இல்லை. அவருடைய அரசியலை ஏற்காமலே அந்தக் கேள்வியைக் கேட்கலாம். இந்த லயத்தில் இருப்பவர்களுக்கு முரளி ஓர் அரசியல் கருத்து அல்ல. அடையாள அட்டையே இல்லாமல் தாத்தாமார் செத்த ஊரில் இருந்து எழுந்த ஒரு பெயர்.

இங்கே ஒரு துணுக்கைச் சேர்க்க வேண்டும். 1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணியின் தலைவர் மகாதேவன் சதாசிவம், ஒரு தமிழர். அதே ஆண்டு நவம்பரில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு தமிழர் நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கிய ஆண்டில், இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கு பிரித்தன. முரளியின் தாத்தாவும் மகள்மாரோடு திருச்சிக்குத் திரும்பினார். மகன் முத்தையா தங்கிவிட்டார். அவர் தங்காமல் போயிருந்தால் 800 விக்கெட் எந்த நாட்டுக் கணக்கில் விழுந்திருக்கும்?

கரும்புத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும்

துணுக்குப் போட்டி முடிந்த பிறகு நான் அவர்களுக்கு ஒரு தூரத்து ஊரின் கதையைச் சொன்னேன். கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்று ஒரு நகரம். சுற்றிலும் கரும்புத் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் பேசும் பக்கத்துத் தீவுகளில் இருந்து கரும்பு வெட்டக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரர் அவர்களைக் 'கொக்கோலோ' என்று ஏளனமாக அழைத்தார்கள். அவர்களும் நம்மவர்கள் போல வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள்தான்.

அவர்கள் கொண்டுவந்த விளையாட்டு கிரிக்கெட். பிள்ளைகள் அதைப் பேஸ்போலாக மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு நகரமும் சுற்றுவட்டாரமும் அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் அணிகளுக்கு அனுப்பிய வீரர்களின் பட்டியல் நீளமானது. 1970இல் துடுப்பாட்ட சராசரியில் முதலிடம் பிடித்த ரிக்கோ கார்ட்டி, 1987இல் தன் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது பெற்ற ஜோர்ஜ் பெல், தெருவில் சப்பாத்துத் துடைத்து வளர்ந்து 609 ஹோம் ரன் அடித்த சாமி சோசா. இன்று அமெரிக்காவின் 30 பெரிய அணிகளும் அந்த நாட்டில் பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றன.

"அவங்களும் தோட்டந்தானே? அங்க வந்துச்சு, இங்க ஏன் வரல?" என்றான் பையன்.

அந்த இரவில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. என் பதில் இதுதான். அங்கே சர்க்கரை ஆலைகள் தொழிலாளருக்கு அணி வைத்தன, ஆலைக்குப் பக்கத்தில் மைதானம் விட்டன. சமவெளி நிலம். அறுவடை முடிந்தால் மாதக்கணக்கில் வேலையில்லாக் காலம், விளையாட நேரம். இங்கே மலைச்சரிவு. கொழுந்து ஆண்டு முழுக்கத் துளிர்க்கும், வேலை ஓயாது. கிடைத்த சமதரை தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் பிரட்டுக்களத்துக்கும் போனது.

மிஞ்சிய நல்ல தரை துரைமாரின் கழகத்துக்குப் போனது. டிக்கோயாவில் கிரிக்கெட் புதிதல்ல. தரவளையில் இருக்கும் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் இலங்கையின் மிகப் பழைய மைதானங்களில் ஒன்று. கோப்பி பயிரிட்ட காலத்து வெள்ளைக்காரர் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு கிரிக்கெட் நடந்த மலையில், புல் வெட்டியவரும் பந்து பொறுக்கிக் கொடுத்தவரும் நம்மவர்கள். பட்டியலில் பெயர் இல்லை.

முரளி வந்த வழியும் தோட்டத்தின் வழி அல்ல. தந்தை தோட்டத்தை விட்டு வெளியேறி வியாபாரம் செய்ததால் ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதிக்குப் போக முடிந்தது. அங்கே கடினப் பந்தும் ஆடுகளமும் இருந்தன. வேகப்பந்து போட்ட பையனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாற்றிய சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநரும் இருந்தார். வியாஸ்காந்துக்கு 1816இல் தொடங்கிய மத்திய கல்லூரியும், வடக்கின் பெருஞ்சமரும் இருந்தன. யுத்தத்திலும் அந்த ஆட்டத்தைக் கைவிடாத ஊர் இருந்தது. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டப் பாடசாலைப் பையனுக்கு இவற்றில் எது இருக்கிறது? மென்பந்து ஆட ஒரு சரிவு இருக்கிறது.

ஐம்பது இலட்சமும் ஒரு பேர்ச்சும்

பையன்களுக்குப் பிடித்தது விலைப் பட்டியல். பட் கம்மின்ஸ் 20.5 கோடி. வியாஸ்காந்த் 50 இலட்சம். இலங்கைக் காசில் ஏறத்தாழ ஒரு கோடி 80 இலட்சம் என்று கணக்குப் போட்டோம். நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா, 2021 முதல். மாதம் 25 நாள் தவறாமல் பேர் விழுந்தாலும் அந்தத் தொகைக்கு 60 ஆண்டு. அறிவித்த 1,700 கிடைத்தால் 35 ஆண்டு. கம்பனிகள் அந்த 1,700ஐயும் எதிர்த்தன.

"அறுபது வருஷமா? எங்க அம்மாயி எடுத்திட்டா" என்று ஒருவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த அம்மாயியும் சிரித்தார்.

ஆனால் காசை விடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் நடராஜன் தன் ஊர் சின்னப்பம்பட்டியில் சொந்தச் செலவில் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். ஏழைத் தறித் தொழிலாளியின் மகன்தான். ஆனால் மைதானம் போட அவருக்கு ஊரில் நிலம் வாங்க முடிந்தது.

இந்த லயத்தில் இருந்து நாளை ஒரு பையன் ஐபிஎல்லுக்குப் போய், 50 இலட்சமோடு திரும்பி வந்தாலும் அதைச் செய்ய முடியாது. காணி அரசினது. 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் கையில். லயத்துக்கு முன்னால் மரக்கறி போட்ட துண்டும் அவனுடையது அல்ல. தாயகம் திரும்பியவர்கள் போக, இங்கே தங்கி 2023இல் இருநூறு ஆண்டைக் கொண்டாடிய சமூகத்தில் பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி இல்லை. வீட்டுத் திட்டம் என்றால் ஏழு பேர்ச் என்று பேசுகிறார்கள். அதில் மைதானத்துக்கு எங்கே இடம்?

ஆகவே 'மலையகத்தில் இருந்து இன்னொரு முரளி ஏன் வரவில்லை' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மூன்று சின்ன விடயங்களைக் கேட்கலாம். தோட்டங்களின் கொத்துக்கு ஒன்றாகவேனும் பொது மைதானம் ஒதுக்கி, அதைக் கம்பனியின் தயவில் விடாமல் பிரதேச சபையின் பெயரில் எழுதலாம். ஹட்டன் கல்வி வலயத்தின் தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கடினப் பந்துப் பயிற்றுநரை நியமிக்கலாம். தரவளை போன்ற பழைய மைதானங்களைத் தோட்டப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாள் திறக்கலாம். இதில் வடக்குக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தின் பெயரில் இருக்கும் தொழில்முறை அணிக்குப் புலம்பெயர்ந்தவர் முதலீடு வந்தது. லங்கா பிரீமியர் லீக்கை 2020, 2021, 2022 என மூன்று முறை தொடர்ந்து வென்ற அணி அது. அதன் தேர்வாளர்கள் ஒரு முறை ஹட்டனுக்கு வரலாம். இருக்கையில் முரளியும் வியாஸ்காந்தும் பக்கத்தில் உட்கார முடியும் என்றால், தேர்வு முகாமில் கிளிநொச்சியும் டிக்கோயாவும் பக்கத்தில் நிற்க முடியாதா?

ஆட்டம் முடிந்து பரிசளிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஹைதராபாத் வீரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அம்மாயி என்னிடம் கேட்டார்:

"அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள இன்னிக்கி வெளையாடலியா?"

"இல்லை அம்மாயி, எடுக்கல்ல."

"பாவம். அவங்க அம்மா பாத்துக்கிட்டே இருந்திருப்பா."

மறுநாள் விடிய, அம்மாயியின் மகள் கூடையை எடுத்துக்கொண்டு பிரட்டுக்குப் போனார். பள்ளி விட்டதும் பையன்கள் லயத்துக்குக் கீழே சரிவில் ஆடினார்கள். தேயிலைக்குள் பந்து போனால் ஆட்டமிழப்பு என்பது அங்கே சட்டம். பந்தைத் தேட நேரமாகும், கங்காணி கண்டால் ஏசுவார். இரண்டு பக்கமும் தேயிலை என்பதால் எல்லோரும் நேராகவே அடித்தார்கள். சாதாரண தரம் எழுதிய பையன் பந்து போட்டான். மேட்டில் இருந்து ஓடி வர இடமில்லை. அதனால் நின்ற இடத்தில் இருந்தே மணிக்கட்டைத் திருப்பிச் சுழற்றினான். பந்து நன்றாகவே திரும்பியது.